அண்ணன் கை திரும்பிய ரோடு

அண்ணனுக்கு ஊரில் ஹாரன் என்று பேர். நாய் குறுக்கே வந்தாலும் அடிப்பான், வராவிட்டாலும் அடிப்பான். அன்று காலையிலிருந்து அவன் ஹாரன் ஒரு பக்கம், என் வாய் ஒரு பக்கம். லாரியின் பின்னால் குளிர்பெட்டிக்குள் இருந்த எலுமிச்சைகள்தான் சத்தம் போடாமல் வந்தன.

"கொஞ்சம் சும்மா வாயேன். துறைமுகத்துல கேட்டை நாலு மணிக்குத்தான் மூடறான். நாம முன்னாடியே போயிடுவோம்."

"நீ என்னைப் பாக்காதே, ரோட்டைப் பாரு."

எப்படிச் சும்மா இருப்பது? எங்கள் தோட்டத்து எலுமிச்சை கப்பல் ஏறப் புறப்பட்டது இது இரண்டாம் முறை. முதல் முறை பழைய ரோட்டில் வந்தோம். மலை வளைவு, ஒற்றைப் பாலம், கடைசியில் நகரத்துச் சந்தைத் தெரு. துறைமுகம் போய்ச் சேர்வதற்குள் கப்பல் போய்விட்டது. அடுத்தது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். காயெல்லாம் மூட்டையிலேயே அழுகி ஒழுகியது. என் வீட்டுக்காரர் அதை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்து படுத்தவர், பல நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புது ரோடு திறந்ததும் நான்தான் அவரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். சம்மதித்த கையோடு மோட்டார் ரம்பத்தை எடுத்து, பல்லுக்கு அரம் போட்டு, கொட்டகையில் தயாராக வைத்தார்.

"இதுவும் போச்சுன்னா அத்தனை மரத்தையும் வெட்டிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடுவேன். அப்புறம் எலுமிச்சைன்னு நீ வாயைத் திறக்கக் கூடாது."

சொன்னால் செய்கிற மனுஷன்.

புது ரோட்டைக் குறை சொல்ல முடியாது. மலையைக் குடைந்து நேராக இறக்கிவிட்டார்கள். அண்ணன் ஒரு காலத்தில் துறைமுகத்துக்கே வண்டி ஓட்டியவன். பிறகு ஊர்ப்பக்கம் மணல் லாரி, செங்கல் லாரி என்று தங்கிவிட்டான். நகரம் நெருங்க நெருங்க அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. முள்ளுக்காடு இருந்த இடமெல்லாம் கிடங்கு. கிடங்குக்குப் பக்கத்தில் உதிரிபாகக் கடை, அதற்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை, பின்னால் பாதி எழும்பிய அடுக்குமாடி.

"ரோட்டைப் போட்டா போதும், ஊரு பின்னாலயே ஓடி வருது பாரு!" என்று வாயைப் பிளந்தான்.

"நீ வேடிக்கை பாக்கவா வந்தே? ஓட்டு!"

அப்போதுதான் அந்தத் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது. அந்த ஊரில் அவனுக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான். தொட்டியைப் பார்த்ததும் கேட்காமல் கொள்ளாமல் அவன் கை வண்டியை இடப்பக்கம் ஒடித்துவிட்டது. துறைமுகத்துக்கு நேராகப் போ என்று மேலே யானை பெரிசுக்குப் பலகை தொங்கியதை நான் பார்த்தேன். பார்த்துக் கத்துவதற்குள் வண்டி சந்தைத் தெருவுக்குள் இருந்தது.

"அடப்பாவி! பழைய ரோடுடா இது!"

"ஐயோ, பழக்க தோஷம்!"

லாரிகள் புது ரோட்டுக்குப் போனபிறகு அந்தத் தெரு நன்றாகக் கொழுத்திருந்தது. துணிக்கடைகள் நடுரோடு வரைக்கும் மேசை போட்டிருந்தன. பழக்கடைக்காரர்கள் குடை விரித்திருந்தார்கள். தெருவின் கடைசியில் பழைய துறைமுகக் கேட் இருந்த இடத்தில் செங்கல் சுவர். இந்த நீள வண்டியைத் திருப்பவும் இடமில்லை. எங்களுக்குப் பின்னால் அதற்குள் நாலு தள்ளுவண்டி வந்து நின்றாயிற்று.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். நேரம் பார்த்து என் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"உள்ள போயிட்டீங்களா?"

கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம். "சிக்கல்தான், பாத்துச் சொல்றேன்" என்றிருக்கலாம். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்பார்கள். எனக்கு வாய் மட்டும் தாராளமாகப் போகும்.

"போச்சுங்க! எல்லாம் போச்சு! இந்தத் தடியன் பழைய தெருவுல கொண்டுவந்து சொருகிட்டான். இனிமே கப்பலாவது ஒண்ணாவது!"

"சரி" என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

நான் கீழே குதித்துத் தள்ளுவண்டிக்காரர்களிடம் சண்டைக்குப் போனேன். அவர்கள் என்னிடம் வந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பஞ்சர் கடைக்குள்ளிருந்து, வாயில் விசிலைக் கடித்தபடி, என்னைவிட மூத்த அம்மாள் ஒருத்தி வெளியே வந்தாள்.

"யாருடா அது, வழி தெரியாத மாப்பிள்ளை? எங்களை விட்டுட்டுப் போன லாரிக்காரனுங்களுக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"அக்கா, பஞ்சர் அக்கா! நான்தான், ஹாரன்!" என்று அண்ணன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினான்.

"சத்தத்துலயே நினைச்சேன். என் கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன், உனக்கு ஹாரன் கேக்குது."

திட்டிக்கொண்டே விசிலை ஊதினாள். அவ்வளவு நேரம் என்னோடு மல்லுக்கு நின்ற கூட்டம் சட்டென்று கலைந்தது. அந்தத் தெருவுக்கு அது பழைய வேலை. மாட்டிய லாரியைப் பின்னால் எடுப்பது எல்லாருக்கும் கைவந்த கலை. ஒருவர் குடையை மடக்கினார், இருவர் மேசையைத் தூக்கினார்கள். அக்கா வண்டியின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடந்தாள். ஒரு தட்டு தட்டினால் வா, இரண்டு தட்டினால் நில். ஒரு தட்டு. ஒரு தட்டு. இரண்டு. ஒரு வீட்டுத் திண்ணை கொஞ்சம் பெயர்ந்தது. அதற்கும் திட்டு எனக்குத்தான்.

தண்ணீர்த் தொட்டியடிக்கு வந்ததும் அக்கா திரும்பிப் போகவில்லை. கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் வரேன். எங்க பிழைப்பைத் தூக்கிட்டுப் போன அந்தப் புதுக் கேட்டை ஒரு தடவை பாக்கணும். கோவத்துல இதுவரைக்கும் அந்தப் பக்கமே போனதில்லை."

போய்ச் சேர்ந்தபோது நாலு மணி தாண்டி, கேட்டில் சிவப்பு விளக்கு. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரியிடம் கையெடுத்துக் கும்பிட்டேன், கெஞ்சினேன், அழுதும் பார்த்தேன். அவர் பாவம், பயந்துவிட்டார்.

"அம்மா, எதுக்கு இப்படி அழறீங்க? அந்தக் கப்பலுக்கு மூடியாச்சு, சரி. நாளைக்குக் காலையில அடுத்தது இருக்கே. ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போடுங்க, மாத்திடுவாரு. பெட்டியை உள்ள கொண்டுபோய்க் கரண்டு குடுத்து வெச்சுடறோம், காய் குளுகுளுன்னு இருக்கும்."

"நாளைக்கா? ஒரு மாசம் ஆகும்பாங்களே?"

"எந்தக் காலத்துல இருக்கீங்க? அப்போ சரக்கு வர வழியே கிடையாது, கப்பல்காரன் எதுக்கு வருவான்? இப்ப ரோடு வந்துச்சு, சரக்கு வருது. அதைப் பாத்து அவன் தினம் வந்து நிக்கறான்."

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன், பச்சை விளக்கு எரிந்தது. அண்ணன் பெட்டியை உள்ளே விட்டுவிட்டு வெறும் வண்டியோடு வந்தான். பஞ்சர் அக்கா வாசலில் இடுப்பில் கை வைத்து, கண்ணுக்கெட்டிய தூரம் நின்ற லாரி வரிசையை வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அடி ஆத்தாடி, இவ்வளவு டயரா? நான் என்ன மயித்துக்கு அந்தத் தெருவுல உட்காந்து ஒப்பாரி வெச்சுக்கிட்டு இருந்தேன்?"

நான் சிரிக்கப் போனேன். சிரிப்பு பாதியில் நின்றது. வீட்டுக்காரர் சொன்ன அந்த "சரி" காதில் விழுந்தது.

போனை அடித்தேன். எடுக்கவில்லை. ரம்பம் ஓடினால் போன் சத்தம் எங்கே கேட்கும்? மறுபடியும் அடித்தேன். வரிசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். "எடுங்க, எடுத்துத் தொலைங்க" என்று ரோட்டில் நின்று கத்தினேன். டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து எடுத்தார்.

"வெட்டிட்டீங்களா?"

"ம்."

"எத்தனை?"

"ஒண்ணு."

"எது?"

"கிணத்தடி மரம்."

தோட்டத்து மரமெல்லாம் அதன் விதையில் முளைத்தவை.

"ஏங்க, ஏன் அதைப் போயி..."

"அதை முதல்ல சாய்ச்சுட்டா மனசு கல்லாயிடும், மத்ததை வெட்டிடலாம்னு நினைச்சேன். சாஞ்சதும் கை வரலை. பக்கத்துலயே உட்காந்துட்டேன்." பிறகு கேட்டார். "நீ சாப்பிட்டியா?"

சரக்கு நாளைக்குப் போகிறது, கப்பல் இப்போது தினம் வருகிறது என்று சொன்னேன். போனில் காக்கை கத்துவது மட்டும் கேட்டது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பயந்து பயந்து, "எந்த வழியா போகட்டும்?" என்றான். நான் கத்தவில்லை. கையை மட்டும் நீட்டிப் புது ரோட்டைக் காட்டினேன். வீடு வரும்வரை அவன் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.