மேட்டு அரணைகளின் இடது கால்

குவாரி வெடியால் அக்கம்பக்கத்து அரணைகளின் உடம்பு கோணலாக வளர்கிறது என்று நிரூபிக்க விலங்கியல் ஆய்வாளரான அவள் மூன்று வருஷம் அலைந்தாள். முட்டைக்குள் கரு வளரும்போது தொந்தரவு இருந்தால், குஞ்சின் இடது காலும் வலது காலும் ஒரே நீளத்தில் அமையாது. அதை அளந்து காட்டினால் குவாரியை மூட வைக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, ஆள் நடமாட்டமே இல்லாத கல்மேடு ஒன்றையும் தேர்ந்தெடுத்திருந்தாள்.

குவாரி மேற்பார்வையாளருக்கு இவளைக் கண்டாலே ஆகாது. "மாசம் ஒரு தடவ வாங்க. கல்லு எதையும் பொரட்டாதீங்க. உங்க கால் நசுங்கினா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். வெயில் காய வெளியே வந்தவற்றைத்தான் அங்கே பிடிக்க முடிந்தது. மேட்டில் கேட்பாரில்லை. வாரம் தவறாமல் போய், ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, அரணைகளைப் பிடித்து அளந்து விட்டுவிட்டு, கல்லை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் அளவுகளைக் கூட்டிப் பார்த்தபோது குவாரி அரணைகள் ஒழுங்காக இருந்தன. மேட்டு அரணைகளுக்குத்தான் இடது கால் குட்டை. அளவு குறித்த சீட்டு மாறிவிட்டதோ என்று மறுபடி பார்த்தாள். மாறவில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்கற ஆள நான் பாத்ததே இல்ல. இதுக்குப் போயி..." என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அந்த மேட்டுக்கு யாருமே போறதில்லையா?"

"யாரும் போறதில்ல. நான் மட்டும்தான்."

சொன்னவள் மேட்டுக்குப் போன தேதிகளை எண்ண ஆரம்பித்தாள். கல்லைத் தூக்கத் தூக்க, அடியில் முட்டைகள் கிடந்த ஈரம் காய்ந்திருக்கிறது. உள்ளே கரு வளரும்போதே முட்டைகள் சூடேறியிருக்கின்றன.

"வேற மேடு பாத்துக்கலாம்மா, இத விட்டுடு" என்றார் அவளுடைய துறைத்தலைவர். அவள் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள்.

குவாரி மேற்பார்வையாளர் அந்த அறிக்கைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார். முதல் முறையாக அவளுக்கு டீ வரவழைத்தார். அறிக்கையைப் படித்த பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோ மேட்டின் நிலைமை மிகவும் கவலைக்குரியது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. வாராவாரம் பார்த்தால் போதாது, தினமும் பார்க்க வேண்டும் என்றது.

அவள் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகினாள். அவளுக்குப் பதிலாக நான்கு பேரை அனுப்பினார்கள். அவளால் அசைக்க முடியாத பெரிய கற்களுக்காக அவர்கள் கடப்பாரை கொண்டு போனார்கள்.