படித்துவிட்டே எடுத்த வரி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷின் செய்யும் கம்பெனி அது. மெஷின்களுக்குக் கட்டளை எழுதத் தனியாக ஒரு சின்ன கணினி மொழி வைத்திருந்தார்கள். அதை உருவாக்கியவர் ஹேமநாத். அதில் புரோகிராம் எழுதுபவள் சுகிர்தா.

இருவருக்கும் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. மெஷினுக்குள் கை இருந்தால் பிரஸ் இறங்காமல் தடுக்க புரோகிராமில் ஒரு சென்சார் வரி உண்டு. அதற்கு மேலே சுகிர்தா கமெண்ட் எழுதியிருந்தாள்: ‘இதை எடுத்தால் ஆளின் கை போகும்.’ கமெண்ட் மனிதர்கள் படிக்க. கணினி அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் ‘கைகாப்பு கட்டாயம்’ என்று ஓர் அடையாளம் மொழியிலேயே வேண்டும், அது போட்ட இடத்தில் சென்சார் வரி இல்லாவிட்டால் புரோகிராமே மெஷினில் ஏறக்கூடாது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அனோட்டேஷன், அடையாளம், அது இதுன்னு மொழியக் குப்பையாக்காதம்மா,” என்பார் ஹேமநாத். “அர்த்தமா ஒரு கமெண்ட் எழுது. படிக்கிறவனுக்குப் புத்தி இருக்குதில்ல?”

திங்கட்கிழமை, சோதனை மெஷினில் தகடு வைத்துக்கொண்டிருந்த நர்மதாவின் கைமேல் பிரஸ் இறங்கியது. இரண்டு விரல்கள் நசுங்கின. அவளைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சுகிர்தா புரோகிராமைத் திறந்தாள். அவள் எழுதிய கமெண்ட் அப்படியே இருந்தது. அதன் கீழே இருந்த வரியைக் காணோம். பதிவில் மாற்றியவர் பெயர் ஹேமநாத் என்றிருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் மேஜையில் டொம்மென்று வைத்தாள்.

“இன்னா சார் இது? படிக்கவே இல்லியா?”

“படிச்சேன்.” அவர் முகம் வெளுத்திருந்தது. “சென்சார் சும்மா சும்மா மெஷின நிறுத்திக்கினே இருந்துச்சு. கஸ்டமர் பார்க்க வந்துட்டாங்க. சாயங்காலம் திரும்பப் போட்டுடலாம்னு...”

“கை போகும்னு எழுதி வெச்சதப் படிச்சுக்கினே எடுத்தீங்களா?”

“கத்தாத. நீ கேட்ட அடையாளம் இருந்தா மட்டும்? அதையும் சேர்த்து எடுத்திருக்கலாமே!”

“அந்த அடையாளத்த ஒருத்தர் மட்டும் எடுக்க முடியாதுன்னு வைங்க. ரெண்டு பேர் ஒத்துக்கினாத்தான் போகும்னு வைங்க. நான் ஒத்துக்கினு இருப்பேனா?”



சுகிர்தா நேரே சோதனைக் கூடத்துக்குப் போனாள். மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டினாள். மேனேஜர் பரசுராமன் ஓடிவந்து கத்தினார்.

“யாரக் கேட்டுப் பூட்டின? ஆர்டர் நிக்குது!”

“நிக்கட்டும். மொழி மாறாம ஒரு மெஷினும் ஓடாது. வேலய விட்டுத் தூக்குங்க, போலீசக் கூப்பிடுங்க, நான் சாவி தர மாட்டேன்.”

நர்மதாவோடு வேலை செய்த பெண்கள் சுகிர்தாவைச் சுற்றி வந்து நின்றார்கள். பரசுராமன் அவர்களைப் பார்த்தார். பிறகு ஹேமநாத்திடம் திரும்பி, “எத்தன நாள் ஆவும்?” என்றார்.

மொழியை மாற்றும் வேலை முடிய வெள்ளிக்கிழமை ஆனது. சோதித்துப் பார்க்க சுகிர்தா அதே சென்சார் வரியை நீக்கினாள். புரோகிராம் ஏறவில்லை. சிவப்பு எழுத்தில் மறுப்பு வந்தது. அடையாளத்தையும் எடுத்துப் பார்த்தாள்; இன்னொருவரின் ஒப்புதலைக் கேட்டது.

“வேலை செய்யுது,” என்றார் ஹேமநாத், தணிந்த குரலில்.

அவளுக்கு அந்தக் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை. “நான் கேட்டப்பவே செஞ்சிருக்கணும்,” என்று சொல்லிவிட்டு, நர்மதாவைப் பார்க்கக் கிளம்பினாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் அவர். அவள் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தாள்.