எல்லாரும் சொல்லும்போது

கைப்பேசியை மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே முட்டி போட்டிருந்தார் அவர். திரையில் ஏதோ ஒரு பெரிய ஆலயம். வெள்ளை அங்கி போட்டவர்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போதவில்லையோ என்று விரலால் கூட்டினார். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். அவர் கைப்பேசியையும் அந்தப் பக்கம் கொண்டுபோனார். அவள் கையைத் தூக்கமாட்டாமல் தூக்கி அதை ஒதுக்கினாள்.

"அத எடுத்துடுங்க."

"வேற போடட்டுமா? போன மாசம் ஒண்ணு பாத்தியே..."

"வேணாங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது."

கைப்பேசியை அணைத்தார். ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் கட்டிலுக்கடியில் உறுமிக்கொண்டிருந்தது. முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தார்கள். எத்தனை நாள் என்று மகள் கேட்டாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல், அவங்களுக்குப் பிடிச்சதச் செய்ங்க என்று மட்டும் சொன்னார். மகள் கணவன் வீட்டிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. இப்போது அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கஞ்சி உள்ளே இறங்காது என்று அவளுக்கும் தெரியும்.

மனைவி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். பள்ளிச் சீருடை தைத்தே காய்த்துப்போன விரல்கள்.

"பயமா இருக்குங்க."

முப்பத்தொரு வருடத்தில் அவள் வாயிலிருந்து அவர் கேட்டிராத வார்த்தை. பிரசவ வலியில்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

"ஆண்டவர் இருக்காரும்மா. நீதானே எப்பவும் சொல்லுவ."

"இருக்காரா?"

குத்தலாகக் கேட்கவில்லை. அவரிடம் பதில் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். அவர் எழுந்தார். அலமாரியிலிருந்து அவளுடைய வேதாகமத்தை எடுத்து, எங்கே திறப்பது என்று தெரியாமல் நூல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, கண்ணாடி இல்லாமல் தட்டுத் தடுமாறி நாலு வரி வாசித்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"உங்க குரல்தான் கேக்குது."

"நான்தானேம்மா வாசிக்கிறேன்."

"அதான். நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க." மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இயந்திரம் இரண்டு தடவை உறுமியது. "தனியா இருந்தப்ப எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லீங்க. வெளிய சொல்லிக்கிட்டதில்ல. அங்க சபையில எல்லாரும் எந்திரிச்சு நின்னு, விசுவாசிக்கிறேன்னு ஒண்ணா சொல்லுவாங்க. அந்தச் சத்தத்துல என் சத்தமும் போயிடும். எனக்கு இருந்தது அவ்வளவுதான். இப்ப ரெண்டு வருஷமா சொல்லிச் சொல்லிப் பாக்குறேன். என் சத்தம் மட்டும்தான் கேக்குது. உள்ள ஒண்ணுமே இல்லங்க."

அவர் அவள் நெற்றியைத் தடவினார். குளிர்ந்திருந்தது.

"யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"யாரை?"

"யாராயிருந்தாலும்."

மகள் கஞ்சிக் கிண்ணத்தோடு கதவருகே நின்றிருந்தாள். அவர் செருப்பை மாட்டினார்.

ஸ்கூட்டரை எடுக்கும்போது ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றுவிட்டதாம். அவர் லிஃப்ட் மெக்கானிக். பதில் பேசாமல் துண்டித்தார்.

சபை கூடும் இடம் ஒரு டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி அறை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நுரையீரல் கெட்டுப்போன பிறகு அவளால் படியேற முடியவில்லை. அவர் முதுகில் சுமந்துகொண்டு ஏறுவார். "ஊருக்கெல்லாம் லிஃப்டு, வீட்டம்மாவுக்கு மட்டும் முதுகா?" என்று மேலே நிற்பவர்கள் கேலி செய்வார்கள். அவள் அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பாள். அவளை நாற்காலியில் இறக்கிவிட்டு அவர் கீழே வந்து டயர் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார். ஒரு நாளும் உள்ளே இருந்ததில்லை. அவருக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, விரோதமும் இல்லை. பாட்டு மேலேயிருந்து கலங்கலாக இறங்கி வரும். அது முடிந்து நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டதும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்துகொள்வார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை. இன்னொரு ஞாயிறு வேலை. ஆபீஸ் கட்டடங்கள் அன்றுதான் காலியாக இருக்கும், அன்றுதான் லிஃப்ட் கயிறு மாற்ற முடியும். அதற்கடுத்த வாரம் இடுப்பு வலி. போலாமா என்று அவள் வாராவாரம் கேட்டாள். "வீட்டுல கும்புட்டா சாமி வேணாங்குதா?" என்று சொல்லி, கைப்பேசியில் ஆராதனை போட்டுக் கொடுத்தார். நாலைந்து மாதத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். சமாதானமாகிவிட்டாள் என்றுதான் நினைத்தார்.

மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறினார். கதவில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று போர்டு மாட்டியிருந்தது. கண்ணாடி வழியாக வரிசையாகத் திரைகள் தெரிந்தன. இறங்கி வந்து டயர் கடைக்காரரிடம் கேட்டார்.

"சபைக்காரங்களா? அவங்க காலி பண்ணி எட்டு மாசம் ஆச்சே! உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க போனாங்க?"

"அது தெரியலயே. வாடகை கட்டுப்படியாகல. அந்த பாஸ்டர் ஐயாவையும் வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னு கேள்வி." அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் கையிலிருந்த டயரைக் கீழே வைத்தார். "வீட்டுல எப்படி இருக்காங்க?"

அவர் பழைய பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"இருங்க, இருங்க. அந்த பிரட் கம்பெனி அக்கா ஒருத்தங்க வருவாங்கல்ல, குண்டா, சத்தமாச் சிரிப்பாங்களே? இன்னும் அங்கதான் வேலை பாக்குறாங்க. நேத்துகூட பஸ் ஸ்டாப்புல பாத்தேன்."

ரொட்டித் தொழிற்சாலையின் வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. அவர் கும்பிட்டார். யாரையும் அப்படிக் கும்பிட்டுப் பழக்கமில்லாததால் கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. காவலாளி தொலைபேசியை எடுத்தார். கால் மணி நேரம் கழித்துத் தலையில் வலைத்தொப்பியும் முழங்கை வரை மாவுமாக அந்தப் பெண் வந்தாள். அவரைப் பார்த்ததும் அவளுடைய நடை தளர்ந்தது.

"அக்காவுக்கு என்னண்ணே?"

சொன்னார். பயமாயிருக்கு என்று மனைவி சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். இந்தப் பெண் உடனே புறப்பட்டுவிடுவாள் என்று நினைத்தார். அவளோ நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மூணு தடவ வந்தோம்ண்ணே. மூணு தடவயும் வாசல்லயே நின்னுக்கிட்டு, அவ தூங்குறான்னு சொல்லி அனுப்பிட்டீங்க. உள்ள அக்கா இருமுறது எங்களுக்குக் கேட்டுச்சு."

அது உண்மை. அப்போது கட்டிலடியில் மூத்திரப் பாத்திரம் இருந்தது. துவைக்காத துணி குவிந்து கிடந்தது. அவருடைய பனியன் கிழிந்திருந்தது. நாலு பேர் வந்து பார்க்கிற நிலையில் வீடு இல்லை என்று நினைத்தார். அவ்வளவுதான் காரணம். ஆலையின் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். நெற்றியில் மாவு தீற்றிக்கொண்டது.

"நாங்க நாலாவது தடவ வந்திருக்கணும்."

"இப்ப வாம்மா. என்கூடவே வந்துடு."

"அடுப்புல சரக்கு நிக்குதுண்ணே. ரெண்டு மணிக்குத்தான் மாத்து ஆள் வரும். நான் விட்டுட்டு வந்தா லைன்ல இருக்கற எல்லாருக்கும் நின்னுடும்." காவலாளி அறைக் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது. "எல்லாருக்கும் போன்ல சொல்லிடறேன். இப்ப பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்துலதான் கூடுறோம். பாதிப் பேரு புதுசு. யார் யாரால வர முடியும்னு தெரியல. வேலை நாளாச்சே. ஆனா நான் வந்துடுவேன். அக்காகிட்டச் சொல்லுங்க, நான் வந்துடுவேன்."

திரும்பி வரும் வழியில் ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்தவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி, ஓரமாக நிறுத்தி, ஹேண்டிலில் தலையை வைத்துக்கொண்டார். ஜெபம் செய்ய வேண்டும் போலிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "ஐயா," என்றார். இன்னொரு தடவையும் "ஐயா," என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வண்டியை எடுத்தார்.

அவள் விழித்துத்தான் இருந்தாள். அவர் தனியாக உள்ளே வருவதைப் பார்த்தாள்.

"வந்தாங்களா?"

"வந்துக்கிட்டிருக்காங்க."

"எத்தனை பேரு?"

"எல்லாரும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் அவருக்கு இடது கண் துடிக்கும் என்று எப்போதும் சொல்வாள். இன்று அதைச் சொல்லவில்லை. "பாப்பா, என் தலையச் சீவி விடு," என்று மகளைக் கூப்பிட்டாள். மகள் பின்னலை அவிழ்த்து, எண்ணெய் தொட்டு, வலிக்காமல் சீவினாள். பின்னி முடிப்பதற்குள் அவளுடைய தலை மகளின் கையில் கனத்தது.

"அம்மா... அம்மா! அப்பா, இங்க பாருங்க!"

மூச்சு இருந்தது. கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் மகள் தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டாள். அவர் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். ஒன்றரை ஆயிற்று. இரண்டாயிற்று. படியில் காலடி கேட்டு ஓடினார். மேல் வீட்டுக்காரர் தண்ணீர் கேனோடு போனார்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் அவள் காதில். "கொஞ்ச நேரம். வந்துடுவாங்க. எனக்காக இரு."

இரண்டே காலுக்கு அந்தப் பெண் வந்தாள். வலைத்தொப்பியைக் கழற்றக்கூட மறந்திருந்தாள். கூட இரண்டே பேர். பஸ் கண்டக்டர் ஒருவர், பழைய ஆள். தோளில் காக்கிப் பை தொங்கியது. இன்னொருத்தி இளம்பெண். அவரும் அவளைப் பார்த்ததில்லை, அவருடைய மனைவியும் பார்த்திருக்கமாட்டாள். மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அறையில் நாற்றம் இருந்தது. யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

"அக்கா. நாங்க வந்துட்டோம்க்கா."

அசைவில்லை. அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். அவர் சொன்னார்: "அந்த... எல்லாரும் நின்னுக்கிட்டு ஒண்ணாச் சொல்லுவீங்களாமே. அதச் சொல்லுங்க. அதத்தான் கேட்டா."

அவர்கள் விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். மூன்று குரல்கள் அந்த அறைக்குக்கூடப் போதவில்லை. கண்டக்டருக்கு ஒரு வரி முழுக்க விட்டுப்போயிற்று. மற்ற இருவரும் அந்த வரியைக் கீழே விழாமல் கொண்டுபோனார்கள், அடுத்த வரியில் அவர் சேர்ந்துகொண்டார். மகளும் சேர்ந்துகொண்டாள். சின்ன வயதில் அம்மாவோடு போய்க் கேட்டது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் மட்டும் மனைவியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அசைந்தது. சொல் அசைத்ததா, மூச்சு அசைத்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை அசையும் என்று காத்திருந்தார்.

அசையவில்லை. மகளுடைய குரல் அறுந்து அழுகையானது. மற்ற மூவரும் நிறுத்தாமல் கடைசிவரை சொல்லி முடித்து ஆமென் என்றார்கள்.

கண்டக்டர் குனிந்து இயந்திரத்தை அணைத்தார். இரண்டு நாளாக அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியிருந்ததால் அவள் கணவரின் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது.

"அவளுக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்கும் என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அந்தப் பெண் கட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தெரியலண்ணே." பிறகு சொன்னாள்: "அக்காவால முடியாதப்ப நாங்க சொல்லணும். எங்கள்ல ஒருத்தருக்கு முடியாதப்ப அக்கா சொல்லியிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் போனப்ப ஆறு மாசம் நான் வாயே திறக்கல. பக்கத்துல நின்னு எனக்கும் சேத்து அவங்கதான் சொன்னாங்க." வலைத்தொப்பியைக் கழற்றினாள். "ரெண்டு வருஷம் விட்டுட்டோமேண்ணே."

அவருக்கு அழுகை வரவில்லை. பெண்கள் மூவரும் உடம்பைத் துடைத்து உடை மாற்ற வேண்டும் என்றார்கள். கண்டக்டர் யார் யாருக்கோ தகவல் சொல்லக் கைப்பேசியோடு வெளியே போனார். அவரும் எழுந்து முன்னறைக்கு வந்தார். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. காற்றில்லாமல் புழுங்கியது. தெருத் தூசி அவளுக்கு ஆகாது என்று இந்த ஜன்னலை அடைத்தே வைத்திருந்தார்கள். தாழ்ப்பாள் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் குத்தினார். பிறகு, வேலையில் செய்வதுபோல, முன்னும் பின்னுமாக நெம்பி நெம்பி அதை விடுவித்தார். கதவு வெளிப்பக்கம் திறந்தது.

கீழே தெருவில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் கூரியர் கம்பெனிச் சட்டையில் இருந்தான். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். ஒரு கிழவர் வெயிலுக்குச் செய்தித்தாளைத் தலையில் பிடித்திருந்தார். அவருக்கு அவர்களில் ஒருவரையும் தெரியவில்லை. எந்த வீடு என்று தெரியாமல் வரிசையாக இருந்த கட்டடங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் திறந்த சத்தத்துக்கு அந்தப் பையன் நிமிர்ந்தான்.

"அண்ணே, தையக்கார அக்கா வீடு இதுதானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவ்வளவு கீழே அது தெரிந்ததோ என்னவோ, பையன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டினார்.