பலெர்மோவுக்கு ரயிலில்

...விமானம் என்றால் ஒன்றரை மணித்தியாலம், ரயில் என்றால் ஒரு பகல் முழுக்க, இதை எத்தனை தரம்தான் சொல்வார் இந்த மனுசன், ரஞ்சினிக்கு என்ன மணிக்கூடு பார்க்கத் தெரியாதா? ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்கு எதிரே பயண முகவரின் சின்ன அலுவலகம், புருசன் சிறிதரன் ஒரு கதிரையில், அவள் பக்கத்துக் கதிரையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. முகவர் வாசுதேவன் மதுரைக்காரர், சனிக்கிழமை அரை நாளோடு கடையைப் பூட்டவேண்டிய அவசரம் அவருக்கு. "சார், மிலான்ல இருந்து பலெர்மோவுக்கு நேரா ஃப்ளைட் இருக்கு. இல்ல, மேடம் கேட்ட மாதிரி ட்ரெயின்னா ப்ளோரன்ஸ்ல ரெண்டு நைட் தங்கிட்டுப் போகலாம். எது போடட்டும்?" யோசிக்கவே இல்லை சிறிதரன். "பிளேன்தான். மிலான்ல அண்ணா ஏத்திவிடுவார், பலெர்மோவில அக்கா வந்து கூட்டிக்கொண்டு போவா. பிறகென்ன?"

பிறகென்னவாம்! இவருடைய அண்ணன் ஏற்றிவிட, இவருடைய அக்கா இறக்கி எடுக்க, நாங்கள் என்ன பார்சலா? கலியாணம் கட்டி இருபது வருசம், ஒரு ஹோட்டலில் படுத்தெழும்பியிருக்கிறாளா? லண்டன் என்று பெயர்தான், அவள் கண்டது ஈஸ்ட்ஹாமில் மச்சாள் வீட்டுக் குசினி. கனடாவில் சித்தப்பா மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் பலகாரம் சுட்டுச் சுட்டுக் கை வெந்தது, நயாகராவை அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள், அடுத்த முறை எப்போது வந்தது? பாரிசில் ஈபிள் கோபுரத்தைக் கார்க் கண்ணாடியால் காட்டினார்கள், அதுவும் கோயிலுக்குப் போகிற வழியில். வேண்டாம், இங்கே பக்கத்து மெல்பேணுக்குப் போனாலும் அவருடைய சிநேகிதன் வீட்டுச் சோபாதானே... ஹோட்டல் எடுத்தால் சொந்தக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களாம், இவள் இத்தனை வருசமாக முகத்தைத் தூக்கி வைத்திருப்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. இந்த 2012இலாவது விடப்போவதில்லை. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊரில் இரண்டே இரண்டு இரவு, ஒருவருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுக்காமல், பிறகு யன்னலோரமாக இருந்து தெற்கே தெற்கே போய், கடல் வந்ததும் ரயிலையே கப்பலில் ஏற்றி அக்கரைத் தீவுக்குக் கொண்டுபோவார்களாம், இணையத்தில் பார்த்ததிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. "உமக்கென்ன விசரே ரஞ்சி? அக்கா என்ன நினைப்பா?" ரயில் கேட்டதற்கு இப்படி முகவருக்கு முன்னால் கேட்கிறார், வெட்கமில்லாமல். "என்னவும் நினைக்கட்டும். நீங்கள் பிளேனில போங்கோ, நான் ரயிலில வாறன்." சொல்லிவிட்டாளா? வாய்விட்டே சொல்லிவிட்டாள். வாசுதேவன் கீபோர்டைக் குனிந்து பார்த்தார். சிறிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், "சரி, ரெண்டு பேருக்கும் ரயிலே போடுங்கோ" என்றார்.

இவ்வளவுதானா? இருபது வருசமாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது இந்த ஒரு வசனத்துக்கா? சேர்த்துவைத்த கோபம் முழுக்க மிச்சமாகக் கிடக்கிறது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, சண்டை பிடித்திருந்தாலாவது ஆறியிருக்கும்... வாசுதேவன் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். "எதிரெதிர் சீட்டு ரெண்டு, நடுவுல டேபிள். ஓகேவா மேடம்?" எதிரெதிராக, பகல் முழுக்க. மகள் தர்சினியும் வரவில்லை, அவளுக்குச் சோதனை, இருந்து படிக்கவேண்டும். அண்ணன் இல்லை, அக்கா இல்லை, நடுவில் விழுந்து கதைக்க ஒரு மச்சாள் இல்லை. இவரோடு என்ன கதைப்பது? முதல் அரை மணித்தியாலம் யன்னலைப் பார்க்கலாம், பிறகு? போன வீடுகளிலெல்லாம் அவர் ஹோலில், இவள் உள்ளே, இரவில் களைத்து வந்து படுத்தால் விடியும்... அந்தச் சனத்தை இவ்வளவு காலமும் திட்டினாளே, அந்தச் சனம் இல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் யார்? "மேடம்?" என்றார் வாசுதேவன். ஓம் என்று சொல்ல வாயெடுத்துப் பக்கத்தில் திரும்பினாள். சிறிதரனும் திரையில் இருந்த அந்த இரண்டு இருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் எதைப் பார்த்துப் பயந்தாளோ அதையே பார்க்கிறவராக.