கல்லுப்பூவுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

எண்பத்து நாலாம் வருஷத்தில் பாதியை அகத்தா படுத்தே கழித்தாள். சோம்பல் இல்லை, டாக்டர் உத்தரவு. முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் ஐந்து மாதம் தாண்டவில்லை. மூன்றாவதையாவது முழுசாகக் கையில் வாங்கிவிட வேண்டும் என்று, அவள் கணவன் வால்டர், பாக்கார் ஆராங்கில் அவர்கள் குடியிருந்த வீட்டில் கட்டிலைத் தூக்கி ஹாலில் போட்டு, "எழுந்தா தெரியும் சேதி" என்று மிரட்டிவிட்டு ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

கட்டிலுக்கு எதிரே கண்ணாடித் தொட்டி. வால்டருக்குக் கை சும்மா இருக்காது. ஊரார் தங்கமீன் வளர்த்தால் இவனுக்குக் கடலே வேண்டும். தானே கண்ணாடி வெட்டி, தானே ஒட்டி, கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்கு வாங்கி மிஞ்சிய நீலத்தாளை டியூப் லைட்டில் சுற்றி, மேலே தொங்கவிட்டிருந்தான். மத்தியானம் திரைச்சீலையை இழுத்து மூடினால் ஹால் முழுக்க நீலமாகிவிடும். அவளுக்காக வைத்த காற்றாடி தொட்டிமேலும் வீசும். காற்றுக்குழாய் குமிழி விடும் சத்தத்தில் அகத்தாவுக்குக் கண் சொருகும். கட்டில் மெல்ல மிதந்து வாசலைத் தாண்டிப் போவதுபோல் இருக்கும். உள்ளே இருக்கும் பிள்ளையும் தண்ணீரில்தானே மிதக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

கடலோரத்துத் தஞ்சோங் டாவாயில் பாக் டின் என்று ஒரு மீன்பிடிக்காரர். கடலில் போட்ட மீன் கூண்டைத் தூக்கும்போது கல்லோடு சேர்ந்து வரும் பவளத்தை வாளியில் போட்டு வைத்திருந்து வால்டருக்குக் கொடுப்பார். இரண்டு முறை கொடுத்தார். இரண்டு முறையும் ஒரு மாதத்துக்குள் எல்லாம் சுருங்கிச் செத்தன. ஆகஸ்ட் முதல் வாரம் மூன்றாவது தடவையாக மூன்று துண்டு வந்தது. மூன்றாவது தடவை என்பதை அகத்தா வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இந்த முறை வால்டர் கையில் வித்தை வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, தொட்டித் தண்ணீரை வாளிக்குள் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் இறக்கினான்.

"சடார்னு புதுத் தண்ணியில போட்டா அதிர்ச்சியில செத்துரும். பழகட்டும்" என்றான்.

பிறகு பவளங்களைத் தொட்டியின் அடியில், வெளிச்சம் குறைந்த ஓரத்தில் வைத்தான். ஒரு வாரம் கழித்து ஒரு கல் மேலே ஏற்றுவானாம், அடுத்த வாரம் இன்னொரு கல். அதுவரை யாரும் தொடக்கூடாது.

மூன்றாம் நாள் பெரிய துண்டு விரிந்தது. பழைய செருப்புத் தோல் மாதிரி கிடந்ததன் மேலெல்லாம் வெள்ளை நுனி வைத்த விரல்கள் முளைத்து, தண்ணீர் போன பக்கமெல்லாம் அசைந்தன. அகத்தா கன்னத்தில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை வால்டர் பூசை முடிந்து தஞ்சோங் டாவாய் போனான். ஆற்றுத் தண்ணீர் கலக்காதபடி கடல் ஏறும் நேரம் பார்த்துக் கடல்தண்ணீர் மொண்டு வந்து, காற்றில் வற்றிப்போயிருந்த இரண்டு விரல் அளவையும் நிரப்பினான். அடுத்த ஞாயிறும் அப்படியே. கடல் பிள்ளைக்குக் கடல்தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? அதற்கு மறுநாள் பவளம் மூடிக்கொண்டது. திறக்கவே இல்லை. அதே பழைய கதையா என்று அகத்தா வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

அவளுடைய தலைமாட்டில் மாதா படத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கேன் இருந்தது. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போன வால்டரின் அக்கா பிரிஜெட் அங்குள்ள புனித ஊற்றில் பிடித்துவந்த தண்ணீர். "டெய்லி ஒரு வாய் குடி. புள்ள பொறக்குற வரைக்கும் வரும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். அகத்தாவும் ஒருநாள் தவறாமல் குடித்துவந்தாள்.

பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள்தான் பகலில் துணை. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, இப்போது மகனோடு டவுனுக்கு வந்துவிட்டவள். சோறு ஊட்டுவதுபோல் பேசுவாள், பேசுவதுபோல் திட்டுவாள். பவளத்துக்குக் கல்லுப்பூ என்று அவளே பேர் வைத்திருந்தாள்.

"அக்கா, அந்தக் கேன்லேருந்து ஒரு கிளாஸ் எடுத்து அதுல ஊத்துங்களேன்" என்றாள் அகத்தா அன்றைக்கு.

"புள்ளைக்கு வச்ச தீர்த்தத்தயா? ஒனக்கு என்ன பைத்தியமா?"

"பாவமா இருக்குக்கா. அதுவும் உசுருதானே."

பிச்சையம்மாள் கிளாஸ் தேடவில்லை. கைக்குக் கிடைத்த செம்பில் மொண்டு ஊற்றினாள். தாராளமான கை அவளுக்கு. காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. ஒரு வாரத்தில் ஓரத்தில் ஒரு விரல் எட்டிப் பார்த்தது. பிறகு நாலைந்து. அப்புறம் பவளம் முழுக்க விரிந்து, முன்பைவிடப் பெரிதாக ஆடியது. அகத்தா அழுதாள். சந்தோஷம் பாதி, பயம் பாதி. பிள்ளையின் பங்கை எடுத்து ஒரு கல்லுக்குக் கொடுத்துவிட்டோமே என்ற குற்றம் ராத்திரியெல்லாம் அவளைப் பிடுங்கித் தின்றது.

ஆனால் ஒரு விசேஷம். முதல் சில நாள் மளமளவென்று இறங்கிய கேனில் அப்புறம் தண்ணீர் குறையவே இல்லை. தினமும் அண்ணாந்து பார்ப்பாள். அதே அளவு. நீல வெளிச்சத்தில் அந்தத் தண்ணீரும் மெல்ல மினுங்கும். புனித அன்னாள் தன் வீட்டுக்கே வந்து நிரப்பிவிட்டுப் போகிறாள் என்று அகத்தா நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம்.

"என்னலா இது, இந்த வாரமும் தொட்டித் தண்ணி எறங்கவே இல்ல?" என்று தலையைச் சொறிந்த வால்டரிடம்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி பிள்ளை அசையவில்லை. விடியும்வரை வயிற்றில் கைவைத்துக் காத்திருந்தாள். ஒன்றுமில்லை. வால்டரிடம் சொன்னால் உடைந்துபோவான் என்று, அவன் பூசைக்குக் கிளம்பி அப்படியே தஞ்சோங் டாவாய்க்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிச்சையம்மாள் உள்ளே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, புள்ள அசையல. அந்தத் தண்ணி முழுக்கக் கொண்டாங்க. எல்லாத்தையும் குடிக்கிறேன். இனிமே கல்லுக்கு ஒரு சொட்டு வேணாம்."

பிச்சையம்மாள் கேனை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத நான் ஒனக்குக் குடுக்க மாட்டேம்மா. இது மாதா தண்ணி இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"அது தீந்து மூணு வாரமாச்சு. இது எங்க வீட்டுப் பின்னால கூரைத் தண்ணி விழுற தோங்குல புடிச்ச மழத்தண்ணி. கேன் கொறையக் கொறைய ஒம் மூஞ்சி வாடுச்சி. எனக்குப் பொறுக்கல. வடிகட்டி, நீ தூங்குறப்ப ஊத்தி ஊத்தி வச்சேன்."

அகத்தா கேனையே பார்த்தாள். மூன்று வாரம். அதிசயம் என்று நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்தது மழைத்தண்ணீரா?

"ஏமாத்திட்டீங்களே! சாமி விசயத்துல இப்பிடிச் செய்யலாமா? எம் புள்ளைக்கு ஏதாவது ஆனா ஒங்கள சும்மா விடமாட்டேன். நீங்க இனிமே இந்த வீட்டு…"

வாசலை மிதிக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. விலாவுக்குக் கீழே உள்ளிருந்து ஓர் உதை. சாதாரண உதையில்லை, மூச்சே நின்றுவிட்டது. இன்னொன்று. அம்மா கத்துவது பொறுக்காமல் தூக்கம் கலைந்த பிள்ளை எரிச்சலில் போட்ட உதை அது.

பிச்சையம்மாள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"சும்மா ஊத்தலம்மா. ஒவ்வொரு தடவையும் மாரியாத்தாகிட்டச் சொல்லிட்டுத்தான் ஊத்தினேன். ஒங்க மாதாகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிட்டேன்" என்றாள், திரும்பாமலே.

"அக்கா, இங்க வாங்க."

வந்தவளின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள் அகத்தா. மரம் வெட்டிக் காய்த்துப்போன கை. உள்ளே இருந்தது அதையும் உதைத்தது. பிச்சையம்மாள் வெடுக்கென்று கையை எடுத்தாள். பிறகு தானாகவே மறுபடி வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள், எது எப்போது என்று சொல்ல முடியாது. தொட்டியில் பவளம் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் வால்டர் காலி வாளிகளோடு வந்து நின்றான். பெரிய கண்டுபிடிப்பாளன் முகம்.

"பாக் டின்கிட்ட இன்னிக்குச் செம ஏச்சு வாங்கினேன்லா. வத்துறது வெறும் தண்ணிதானாம், உப்பு உள்ளயே தங்கிருமாம். நான் மேல மேல கடல்தண்ணிய ஊத்தி உப்புல ஊறப்போட்டுல்ல அதுங்கள கொன்னிருக்கேன்! கடலுக்கு மழ பெய்யுது, ஒன் தொட்டிக்கு யாருடா பெய்வான்னு கேக்குறாரு. இனிமே வத்துற அளவுக்கு மழத்தண்ணி ஊத்தணுமாம்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வால்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ரொம்ப லேட்டுங்க நீங்க" என்றாள் அகத்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அக்கா மூணு வாரமா கல்லுப்பூவுக்கும் எனக்கும் அதத்தான் ஊத்திக்கிட்டு இருக்காங்க."