லண்டனை வேண்டாம் என்ற குடும்பம்

சுந்தரலிங்கம் நுவரெலியா கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். நாலு பேர் மதிக்கும் குடும்பம். சொன்ன சொல்லை அவர் மாற்றிக்கொண்டதாகக் கடைத்தெருவில் ஒருவரும் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த வாரம் அவருக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது.

மகள் கேஷிகா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவள். மழையின் அளவையும் மண்ணின் ஈரத்தையும் வைத்து, மலை சரியுமுன்பே தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் சனங்களை எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு ஒன்றை உருவாக்கும் ஆசை அவளுக்கு. அந்த ஆய்வை பிஎச்.டி. என்னும் கலாநிதிப் பட்டத்துக்குச் செய்ய உதவித்தொகையோடு இரண்டு இடங்கள் அழைத்தன. ஒன்று லண்டனில், பேர்போன ஒரு பேராசிரியரிடம். மற்றது நோர்வேயில், கடைத்தெருவில் யாரும் கேள்விப்படாத ஊரில், ஒரு பெண் பேராசிரியரிடம்.

லண்டன் என்ற சொல் காதில் விழுந்ததுமே சுந்தரலிங்கம் கடைத்தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டார்.

"நான் இன்னும் முடிவே சொல்லலையேப்பா!"

"இதுல முடிவு சொல்ல என்னம்மா இருக்கு? லண்டன் எங்க, அந்தப் பனிக்காடு எங்க?"

அடுக்களையிலிருந்து மனைவி ரத்னா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பெரியவளைக் கட்டிக்குடுக்க முந்தி மாப்பிள்ளை வீட்டைப் பத்தி ஊர் ஊரா விசாரிச்சீங்க. இவளை நாலு வருஷம் ஒருத்தர் கையில ஒப்படைக்கப் போறோம். லட்டு குடுத்தாப் போதுமா?"

அவருக்குச் சுருக்கென்றது. விசாரிக்காமல் பெண்ணை அனுப்பியவன் என்ற பேர் தனக்கு வேண்டாம். விசாரித்தால் லண்டனின் பெருமை கூடத்தானே செய்யும்?

"மாப்பிள்ளைகிட்டயே மாப்பிள்ளை எப்படின்னு யாரும் கேக்குறதில்ல. அவங்ககிட்ட படிச்ச புள்ளைங்களைக் கூப்பிடு" என்றார் மகளிடம்.

லண்டனில் பாதியில் விலகிய கோயம்புத்தூர் இளைஞன் முதலில் வீடியோவில் வந்தான்.

"பெரிய ஆளுதாங்க ஐயா. நான் ரெண்டு வருஷம் உக்காந்து எழுதுன அல்கோரிதம் அவர் பேர்ல மட்டும் வெளிவந்துச்சு. ஏன்னு கேட்டேன். அடுத்த வாரமே என் நாற்காலியில வேற ஆளு."

சுந்தரலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நோர்வேயில் படிப்பவள் காலி நகரைச் சேர்ந்த சிங்களப் பெண். அவளிடம் அவர் சிங்களத்திலேயே கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க மேடம் நல்லாத் திட்டுவாங்க அங்கிள். ஆனா நான் செஞ்ச வேலையில என் பேருதான் முதல்ல வரும். நான் வீடு மாறினப்போ கட்டிலோட ஒரு பக்கத்தைத் தூக்கினதே அவங்கதான்."

சுந்தரலிங்கம் எழுந்து நின்றார். "நம்ம புள்ள செஞ்சதுக்கு எவனோ பேர் போட்டுக்குவானா? நோர்வேக்கு எழுதும்மா."

"கடைத்தெருவுல என்னப்பா சொல்வீங்க?"

"அது என் பாடு."

மறுநாள் காலை, நகைக்கடை சிவகரன் நடுத்தெருவிலேயே பிடித்துக்கொண்டார். "என்னண்ணே, லண்டன் தட்டிப்போச்சாமே?"

"தட்டிப்போகல. நாங்கதான் வேணாம்னுட்டோம்."

"லண்டனையா?"

"ஆமா. விசாரிச்சோம். எடம் சரியில்ல."

பெண்ணைப் பெற்றவர்கள் நிறைந்த கடைத்தெருவில் அதற்குமேல் காரணம் கேட்பாரில்லை. சிவகரனின் கேலி அடங்கிவிட்டது. பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார்.

"எம் மவனும் இந்த ஏஐயிலதான் மேல படிக்கணும்ங்கிறான். அவனுக்கும் ஒரு நல்ல எடமா விசாரிச்சுச் சொல்றீங்களாண்ணே?"

சுந்தரலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பையன் எப்படி? அவங்க திருப்பி விசாரிச்சா நான் பதில் சொல்லணும்ல?"