பொறுப்பதிகாரியின் பை

சட்டசபையில் அமைச்சர் குறட்டை விட்ட வீடியோ, மொத்தமே அரை நிமிஷம்தான். அதை மாலைக்குள் நீக்காவிட்டால், அது ஓடிக்கொண்டிருந்த சமூக வலைத்தளக் கம்பெனியின் உள்ளூர்ப் பொறுப்பதிகாரியைப் பிடித்து உள்ளே வைப்போம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. உலகத்தையே கைக்குள் வைத்திருக்கும் அந்தக் கம்பெனிக்கு இந்த ஊரில் இருந்த ஒரே பொறுப்பதிகாரி நம்ம ஆள்தான். சம்பளம் கூடுகிறதே என்று பல்லை இளித்துக்கொண்டு பதவியை வாங்கிய மனுஷன், ஜெயிலும் அதில் சேர்த்தி என்பதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

கடல் கடந்த தலைமையகத்திலிருந்து பெரிய முதலாளி கணினித் திரையில் தோன்றினார். "பணிய மாட்டோம். கடைசிவரைக்கும் நிப்போம்!"

நிற்பது அவர், உள்ளே உட்காரப்போவது இவர். அடேயப்பா, அடுத்தவன் முதுகை வைத்துக்கொண்டு என்ன வீரம்! நம்மவர் திரையை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

பொறுப்பதிகாரி வீடியோவை நீக்க மறுக்கிறார் என்ற டிவி செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. மனைவி பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"துண்டு, பிரஷ், பிரஷர் மாத்திரை எல்லாம் வச்சிருக்கேன். அந்த வீடியோவ மட்டும் எடுத்துத் தொலைச்சிடாதீங்க."

"ஏன்டி, புருஷன் ஜெயிலுக்குப் போறேன். கொஞ்சமாவது அழக்கூடாதா?"

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து யார் எது சொன்னாலும் நீங்க தலையாட்டித்தான் பாத்திருக்கேன். இன்னிக்குத்தான் ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கீங்க." அவள் கண் கலங்கியது. "பெருமையா இருக்குங்க."

அப்படிச் சொன்னது நான் இல்லை, முதலாளி என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டார். இந்த முகத்துக்காக ஜெயிலுக்குப் போகலாம் என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. "கடைசியாக் கேக்கறேன் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "எடுக்க முடியுமா, முடியாதா?"

"முடியாது!"

தெருவுக்கே கேட்டது. அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். பையோடு ஏறி உட்கார்ந்தார்.

ஜீப் கிளம்புவதற்குள் போன் அடித்தது. தலைமையகம். விளம்பர வருமானத்தில் கை வைப்போம் என்று அரசாங்கம் மிரட்டியதாம், வீடியோவை எடுத்துவிட்டார்களாம். அவருடைய தைரியத்துக்கு நன்றியாம்.

இன்ஸ்பெக்டருக்கும் தகவல் வந்துவிட்டது. "நல்லதாப் போச்சு சார். இறங்கிக்குங்க."

அவர் இறங்கவில்லை. வாசலில் மனைவி தலை நிமிர்ந்து நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்." பையை மடியோடு இறுக்கிக்கொண்டார். "ஸ்டேஷன் வரைக்குமாவது கூட்டிட்டுப் போங்களேன்."

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"வண்டிய எடுப்பா," என்றார் டிரைவரிடம்.